இரண்டாவது இணைப்புக்கு முன் ஒரு லேன் கேபிள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இரண்டு லேப்டாப், ஒரு மேசைக் கணினி, நாலைந்து செல்போன், ஒரு டிவி என்று சேர்ந்துவிட்டால் "நெட் இழுக்கவே மாட்டேங்குது" என்ற புகாரும் கூடவே வந்துவிடுகிறது. உடனே திட்டத்தை உயர்த்துகிறார்கள். இல்லையென்றால் இன்னொரு கம்பெனியில் இரண்டாவது இணைப்பு வாங்குகிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே வேண்டாத செலவு. வாசல் வரை பைபரில் ஒழுங்காக வந்த வேகம் வீட்டுக்குள்தான் தொலைகிறது.

இதை ஐந்து நிமிடத்தில் உறுதி செய்யலாம். செல்போன், டிவி எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு கணினியை மட்டும் மோடத்தின் லேன் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) கேபிளால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 90-க்கு மேல் காட்டினால் இணைப்பில் குறையில்லை. அதே கணினியைக் கடைசி அறைக்கு எடுத்துப்போய் வைஃபையில் அளந்தால் 15, 20 என்று விழுகிறதா? அப்படியானால் 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கினாலும் அந்த அறைக்கு அதேதான் கிடைக்கும். (100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. எம்பிபிஎஸ் மெகாபிட் கணக்கு, எம்பி மெகாபைட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் எட்டால் வகுத்தால் வருகிற 12.5 எம்பிதான் உண்மையில் இறங்கும்.)

இணைப்பு கொடுக்க வருகிற ஊழியர், பைபர் எந்தச் சுவர் வழியாக நுழைகிறதோ அங்கேயே மோடத்தை ஆணி அடித்து மாட்டிவிடுகிறார். அநேகமாக அது வாசல் நிலைக்கு மேலோ டிவிக்குப் பின்னாலோ இருக்கும். வைஃபை அனுப்பும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டும்போது பெரிதும் வலுவிழக்கும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவது அதைவிடக் கடினம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் அதில்தான் நெரிகின்றன. இரும்பு பீரோவும் அதிலுள்ள கண்ணாடியும் இரண்டையும் மறிக்கும். மோடத்துக்கும் படிக்கிற மேசைக்கும் நடுவே பீரோ நின்றால் முதலில் அதை நகர்த்திப் பார்க்கலாம்.

நிரந்தரத் தீர்வு கேபிள்தான். இடம்விட்டு நகராத கணினி, டிவி இரண்டையும் கேபிளுக்கு மாற்றினாலே வைஃபையில் நெரிசல் நன்றாகக் குறையும். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும். வீட்டுக்கு 20, 30 மீட்டர் போதும். கடையில் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள், வளைவில் எளிதில் ஒடியும். உள்ளே இருக்கும் எட்டு இழைகளில் நீலம், பழுப்பு ஜோடிகளைச் சேர்ந்த ஒன்று ஒடிந்தால்கூட வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். அப்போது கேபிள் அறவே வேலை செய்யாமல் போவதில்லை என்பதால் குறை யார் கண்ணிலும் படாது.

முனையில் ஆர்ஜே-45 கனெக்டர் (போர்ட்டில் செருகும் பிளாஸ்டிக் முனை) அடிக்கும்போது வண்ண வரிசை முக்கியம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. "ஜோடி ஜோடியாக அடுக்கினால் என்ன, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதாதா" என்று சில எலக்ட்ரீசியன்கள் பச்சையையும் வெள்ளை-பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். வேகம் மட்டும் வராது. கனெக்டரின் மூன்றாம், ஆறாம் ஊசிகளுக்குப் போகும் இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தால்தான் மின் இரைச்சல் அடங்கும். 230 வோல்ட் மின்கம்பி போகிற குழாயிலேயே இதையும் சேர்த்து இழுக்கவே கூடாது. அது ஆபத்து.

போர்ட் போதவில்லை என்றால் ஐந்து போர்ட் கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச் ஒன்றை, அதாவது ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியை வைக்கலாம். அதற்கு எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை. ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே ஸ்விட்ச்சில் தவறிச் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செருகினால் வீட்டு நெட் முழுவதும் முடங்கும். இன்னொன்று, பல மோடங்களில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்று மட்டுமே கிகாபிட். ஸ்விட்ச்சுக்கான கேபிள் அதில்தான் போக வேண்டும்.

கடைசி அறையில் வைஃபையும் வேண்டுமென்றால், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வீட்டுக்கு வெளியே இருந்து பார்த்தால் நமக்கு ஒரே கதவிலக்கம். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் தனி ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) கொடுப்பது ரவுட்டரின் டிஹெச்சிபி என்ற வசதி. மோடத்துக்குள்ளேயே ஒரு ரவுட்டர் இருக்கிறது. பழைய ரவுட்டரை அப்படியே செருகினால் முகவரி கொடுக்க இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். பல வீடுகளில் இரண்டின் சொந்த முகவரியும் 192.168.1.1 ஆகவே இருக்கும். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

ஆகவே மோடத்தோடு சேர்ப்பதற்கு முன்பே, பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியில் இணைத்து அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும் (மோடம் 192.168.0.1 என்றால் இது 192.168.0.2). பிறகு அதில் டிஹெச்சிபியை அணைத்து, சேமித்து, மோடத்திலிருந்து வரும் கேபிளை அதன் வேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளையில்) செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் (அந்த அலைக்குள் ஒரு தடம்) மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 6 அல்லது 11 என்று வேறாக இருக்க வேண்டும். பிறகு ஏதாவது கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் மோடத்தின் டிஹெச்சிபியையும் பார்க்க வேண்டும்.

சுவர் பிளக்கில் செருகுகிற ரிப்பீட்டரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற மலிவு வகைகளில் வேகம் பாதியாகிவிடும்.

வேகம் சரியாக இருந்தும் வீடியோ அழைப்பு மட்டும் உடைகிறதா? வீட்டில் யாருடைய செல்போனாவது படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை அடைத்தால் இறக்குவதும் தடுமாறும். ரவுட்டரில் க்யூஓஎஸ் வசதி (எதற்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று வகுப்பது) இருந்தால், ஏற்றும் வேகத்துக்கு அளந்து பார்த்ததில் 90 சதவீதத்தை வரம்பாக வைத்துப் பாருங்கள், அழைப்பு சீராகும்.

சேவை நிறுவனங்களிடம் எங்களுக்கு மூன்று கோரிக்கைகள். மோடத்தை மாட்டுவதற்கு முன் வீட்டார் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று ஊழியர் கேட்க வேண்டும். பத்து மீட்டர் பைபர் கூடுதலாக இழுப்பது பெரிய காரியமில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் திட்டம் விற்றுவிட்டு 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள மோடத்தைக் கொடுக்கக் கூடாது. மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லை வாடிக்கையாளர் கேட்டால் தர வேண்டும். அது இல்லாமல் சேனலைக்கூட மாற்ற முடியாமல் மக்கள் தவிக்கிறார்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். சுவர் பூசுவதற்கு முன், ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் மின்குழாயோடு சேராமல் தனியாக ஒரு முக்கால் இன்ச் பைப் போடச் சொல்லுங்கள். வளைவுகளை அகலமாக வைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு இரு முனையிலும் முடிச்சிட்டு வையுங்கள். கேபிளைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீட்டு நெட்வொர்க் பணி செய்யும் வாசகர்கள்,
மதுரை.