'அதிசயம்' போதும்: ஒரு செய்தி ஆசிரியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலம்பியாவின் அமேசான் காட்டில் 40 நாள் தாக்குப்பிடித்த நான்கு குழந்தைகளைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அலைவரிசையில் அரை மணி நேரம் நிகழ்ச்சி ஓடியது. அதில் 'அதிசயம்' பதினொரு முறை வந்தது. எண்ணிக்கொண்டுதான் பார்த்தேன். தேடுதலின்போது காணாமல் போன ராணுவ மோப்ப நாய் வில்சனுக்கு ஏழு நிமிடம். அந்தக் குழந்தைகளின் 'ஹுயிடோட்டோ' என்ற பழங்குடி இனத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

2023 மே 1 அன்று அவர்கள் அம்மாவோடு வந்த செஸ்னா என்ற சிறிய விமானம் காட்டில் விழுந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'அதிசயம்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதானே என்பீர்கள். சரி. குழந்தைகள் கிடைத்த ஜூன் 9 அன்று ராணுவ ரேடியோவில் 'மிலாக்ரோ' (ஸ்பானிய மொழியில் 'அதிசயம்') என்று நான்கு முறை ஒலித்தது உண்மைதான். ஆனால் அது முன்பே பேசிவைத்த குறிச்சொல். உயிரோடு கிடைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு 'மிலாக்ரோ'. குறிச்சொல்லையே விளக்கமாக்கிவிட்டது உங்கள் நிகழ்ச்சி.

மூத்தவளுக்கு வயது 13. அம்மா இறந்துவிட்டார். கூட இருந்த மூவரில் கடைசிக் குழந்தைக்குப் பதினொரு மாதம். முதல் பிறந்தநாளே காட்டுக்குள்தான் வந்தது. கொட்டும் மழையில், பால் இல்லாமல், அந்தக் குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்திருப்பாள்? விமானத்தில் இருந்த மரவள்ளிக்கிழங்கு மாவை எடுத்துவைத்துக்கொண்டு தின்றிருக்கிறார்கள். அது தீர்ந்த பிறகு விதைகளும் பழங்களும். எந்தப் பழத்தைத் தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பாட்டியிடமும் அம்மாவிடமும் கற்றது அது, வானத்திலிருந்து விழவில்லை. காட்டில் கிடந்த பால் புட்டியும் பாதி கடித்த பழமும்தான் தேடிப் போனவர்களுக்கு நம்பிக்கை கொடுத்தன.

தேடியவர்கள் குழந்தைகளுக்கு 20 முதல் 50 மீட்டர் வரை நெருங்கியும் பார்க்காமல் கடந்து போயிருக்கிறார்கள் என்று ராணுவத் தளபதியே சொன்னார். ஹெலிகாப்டர், செயற்கைக்கோள் எல்லாம் இருந்தன. பாட்டியின் குரலை ஹுயிடோட்டோ மொழியில் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் காடு முழுக்கக் கேட்கவிட்டார்கள். கடைசியில் கண்டுபிடித்தது ராணுவத்தோடு கால்நடையாகத் தேடிய பழங்குடித் தன்னார்வலர்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியன். மறுநாள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்குச் சாமி வந்துச்சா சார்?" அவளுக்கும் 13 வயதுதான். அன்றைக்கு அறிவியல் பாடம் நடக்கவில்லை. மரவள்ளியில் கசப்பு ரகத்தைத் துருவி, சாறு பிழிந்து, வறுத்தால்தான் விஷம் போகும் என்பதையே பாடவேளை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

பழங்குடி மக்கள் செத்தால் செய்தி, பிழைத்தால் அதிசயம். நடுவில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க உங்கள் அரங்கில் நாற்காலி இல்லை. குழந்தைகள் கிடைத்துவிட்டார்கள் என்று மே 17 அன்றே அவசரப்பட்டுப் பதிவிட்ட கொலம்பிய அதிபர்கூட, மறுநாள் அதை நீக்கினார். நீங்கள் திங்கட்கிழமை மறுஒளிபரப்பு செய்தீர்கள்!

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த ஒளிபரப்பில் 'அதிசயம்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஹுயிடோட்டோ மக்களின் பெயரையும், குழந்தைகளைக் கண்டெடுத்தவர்கள் யார் என்பதையும் சேருங்கள். இரண்டு வரி போதும். இதே கோரிக்கையோடு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது. இந்த மடலுக்காவது ஒரு மனிதர் பதில் எழுதுவாரா என்று அந்த மாணவியும் தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர், ஓர் ஆசிரியர்