செவிலியர் சங்க ஆண்டறிக்கை: கேனுலா பயிற்சியும் அதன் பிறகான கவனிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மலையோரத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பணி நேரத்தை மாற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்திருக்கும் அக்காமார்களே, தங்கைமார்களே, தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. மே 5 கைச்சுகாதார தினத்தையும் மே 12 செவிலியர் தினத்தையும் எளிமையாக நடத்தினோம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன உறுப்பினர்கள் சந்தாவைத் தவறாமல் அனுப்பிவருகிறார்கள், அவர்களுக்கு நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது கேனுலா பயிற்சி. மருந்தும் திரவமும் ஏற்றுவதற்காக, ஊசியின் உதவியோடு இரத்தக் குழாய்க்குள் செருகி வைக்கும் மெல்லிய குழாய்தான் கேனுலா. சென்ற பொதுக்குழுவில் இதற்கான கோரிக்கையை எழுப்பியவர்கள் இளைய உறுப்பினர்களே. படிப்பு முடிந்து சிறிய மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த தங்கை ஒருத்தியை, சேர்ந்த வாரத்திலேயே இரவுப் பணியில் தனியாக விட்டிருக்கிறார்கள். நரம்பு கிடைக்காத முதியவர் ஒருவரின் இரண்டு கைகளிலும் மாறி மாறிக் குத்திவிட்டு, மூன்றாவது முறை யாரை அழைப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். அதை அவள் எழுந்து சொன்னபோது அரங்கில் பலர் தலையசைத்தார்கள். முதல் கேனுலாவை நோயாளியின் கையில் போட்டுத்தான் பழக வேண்டும் என்ற நிலை நம் மாவட்டத்தில் இனி இருக்கக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தோம். 1838இல் நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து எண்ணினால், நவீன மருத்துவத்துக்கும் நோயாளிப் பராமரிப்புக்கும் நீண்ட மரபு உள்ள மண் இது. இங்கே ஒரு பிள்ளை தனியாகத் தவித்து நிற்பது நமக்கு அழகில்லை.

பயிற்சிக்கு வேண்டிய செயற்கைக் கைகளை விலை கேட்டபோது சங்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ரப்பருக்குப் பெயர்போன ஊரில் அதற்காகச் சோர்ந்துபோக வேண்டியதில்லை என்று குலசேகரம் பகுதி உறுப்பினர்கள் தாங்களே களத்தில் இறங்கினார்கள். ஸ்பாஞ்சுத் துண்டில் பள்ளம் கீறி, அதில் மெல்லிய ரப்பர் குழாயைப் பதித்து, சிவப்புச் சாயம் கலந்த நீரை நிரப்பி, மேலே தோலுக்குப் பதிலாக ரப்பர் ஷீட்டை இழுத்துக் கட்டினார்கள். ஊசி சரியாக உள்ளே போனால் கேனுலாவின் பின்புற அறையில் சிவப்பு ஏறுகிறது, தவறினால் ஏறுவதில்லை. பழகுவதற்கு இது தாராளமாகப் போதும்.

பயிற்சியை முன்னின்று நடத்தியவர் ஓய்வுபெற்ற மூத்த சிஸ்டர் ஒருவர். தம் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் முதலில் ஊசியைத் தொடவே விடவில்லை. இருவர் இருவராக உட்காரவைத்து, டூர்னிகெட் என்னும் இறுக்குப் பட்டையைக் கையில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் எதிரில் இருப்பவரின் கையைத் தடவச் சொன்னார். அழுத்தினால் அமிழ்ந்து, விட்டால் எழும்புவது சிரை, நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது. துடித்தால் தமனி, அங்கே கைவைக்கக் கூடாது. கயிறுபோல் விறைப்பாக இருந்து விரலை மடக்கும்போது அசைந்தால் தசைநாண். வலை இழுத்துத் தோல் தடித்துப்போன மீனவரின் கையிலும், ரப்பர் பால்வெட்டிக் காய்த்துப்போன தொழிலாளியின் கையிலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரலுக்குத் தெரியும் என்பதை எல்லோரும் அன்று நேரில் உணர்ந்தார்கள்.

பிறகு கேனுலாவின் அளவு எண்களைக் காட்டும் நிறங்கள். ஆரஞ்சு 14, சாம்பல் 16, பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் மெலிகிறது. கைக்குக் கிடைத்த வென்ஃப்ளானை (கேனுலாவின் வணிகப் பெயர்) எடுத்துப் போடும் பழக்கத்தை விட வேண்டும். பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகுந்த தாய்க்கு இரண்டு கைகளிலும் பெரிய கேனுலா தேவை. அங்கே நீலத்தைப் போட்டுவிட்டுத் திரவம் ஏறவில்லையே என்று பையைப் பிழிவதில் பயனில்லை. சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துக்கு முதியவரின் மெல்லிய சிரையில் பச்சையைத் திணிப்பதும் தவறு. சிகிச்சைக்குப் போதுமான அளவில் மிகச் சிறியதைத் தேர்வது நல்லது. இடம் என்றால் முன்கை. மூட்டு மடங்கும் இடம் ஆகாது. மார்பக அறுவை சிகிச்சையில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை, டயாலிசிஸுக்காகச் சிரையையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கை, பக்கவாதத்தில் உணர்விழந்த கை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

போடும் முறையில் இரண்டு இடங்களில் சிஸ்டர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஒன்று, ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் தோலைத் துடைத்த பிறகு அது தானாகக் காய வேண்டும். ஊதுவது, விசிறுவது, காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தொட்டுப் பார்ப்பது எல்லாம் துடைத்ததை வீணாக்கும். மற்றொன்று, பாதி உருவிய ஊசியைக் குழாய்க்குள் மறுபடி செலுத்தவே கூடாது. ஊசிமுனை குழாயைச் சீவிவிட்டால் அறுந்த துண்டு இரத்தத்தோடு போய்விடும். ஒரு முறை தவறினால் வேறு இடம், புதிய கேனுலா. இரண்டு முறை தவறினால் வேறு ஆள். இந்தக் கடைசி வரியை ஒவ்வொரு வார்டிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம். உதவி கேட்பதற்கு ஒரு பிள்ளை கூச்சப்படுவதால் நோயாளியின் கைதான் புண்ணாகிறது.

எனினும் இரத்தம் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதே நம் வார்டுகளின் பெரிய குறை. ஆகவே பயிற்சி நேரத்தில் சரிபாதியை, போட்ட பிறகு செய்ய வேண்டிய கவனிப்புக்கு ஒதுக்கினோம். ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். ஊசி போடக் கற்கத்தானே வந்தோம் என்றார்கள். கேனுலாவைப் போடுவது சில நிமிட வேலை. அது கையில் இருப்பதோ நாட்கணக்கில். வீக்கம், சிவப்பு, சீழ், இரத்தத்தில் கலக்கும் கிருமி எல்லாம் அந்த நாட்களில்தான் வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024 மே மாதம் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டிருப்பதிலிருந்து விஷயத்தின் கனம் புரியும்.

இங்கிலாந்துச் செவிலியர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1998இல் எழுதி வெளியிட்ட, கேனுலா போட்ட சிரையின் அழற்சியை அளக்கும் மதிப்பெண் முறையைத் தமிழில் ஒரு அட்டையாக அச்சிட்டுக் கொடுத்தோம். வலியும் சிவப்பும் இல்லையென்றால் 0. லேசான வலியோ லேசான சிவப்போ இருந்தால் 1. கூர்ந்து கவனிக்க வேண்டும். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்தால் 2; உடனே எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். சிரை நெடுக வலித்து, தோல் சிவந்து கெட்டிப்பட்டால் 3. சிரையே கயிறாகத் தட்டுப்பட்டால் 4. அதோடு காய்ச்சலும் வந்தால் 5. ஒவ்வொரு ஷிப்டிலும் பிளாஸ்டரைப் பார்த்து, தொட்டு, நோயாளியிடம் கேட்டு, எண்ணை எழுத வேண்டும். போட்ட தேதியும் நேரமும் பிளாஸ்டரின் மேல் இருக்க வேண்டும். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் செலுத்திப் பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்டால் சிறிய சிரிஞ்சால் வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது. “இந்த லைன் இன்றும் தேவையா?” என்று தினமும் டாக்டரிடம் கேட்பது செவிலியரின் உரிமை, கடமையும்கூட.

உதவியாளர்களாகப் பணிபுரியும் சகோதரிகள் பலர் வந்திருந்தார்கள். கேனுலா போடுவது அவர்கள் வேலை அன்று என்பதைத் தெளிவாகச் சொன்னோம். ஆனால் குளிக்கவைப்பவரும் துணி மாற்றுபவரும் அவர்கள்தாம். கை வீங்கியிருப்பதை முதலில் பார்ப்பவர்களும் அவர்களே. அட்டை அவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. சொட்டுக் கணக்கையும் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்: மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் 500 மில்லியை 8 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு.

தேவையே இல்லாமல் போடப்படும் டிரிப்ஸ் பற்றியும் பேசினோம். உடம்பு தளர்ச்சி, ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று நம்மிடம் வந்து நிற்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லியில் இருக்கும் சர்க்கரை 25 கிராம். வாயால் சாப்பிட முடிந்தவருக்கு ஒரு நல்ல ஏத்தன்பழம் அதற்குக் குறைந்ததில்லை. வயிற்றுப்போக்கில் குடிக்க முடிந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். போதும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல உட்காரும் ஐந்து நிமிடம் ஒரு கேனுலாவை மிச்சப்படுத்தும்.

ஊசி குத்திக்கொள்ளும் விபத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசிக்கு மூடி போடாதீர்கள். 2016 ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி, துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் குழாய் சிவப்புப் பைக்கு. குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, அப்போதே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடிக்காத உறுப்பினர்கள் இன்னும் இருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கூட்டம் முடிந்ததும் அவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். வரும் மாதமே ஏற்பாடு செய்யலாம்.

இடவசதி தந்த மருத்துவமனைகளுக்கும், காலாவதியான கேனுலாக்களைப் பயிற்சிக்கென்று ஒதுக்கித் தந்த மருந்துக் கடைக்காரர்களுக்கும், விடுமுறை நாளில் வந்து மேற்பார்வையிட்ட மயக்க மருந்து டாக்டர்களுக்கும் சங்கத்தின் நன்றி. வரும் ஆண்டில் பயிற்சியைக் கொல்லங்கோடு, பேச்சிப்பாறை பகுதிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி வந்து திரும்பினால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது.

செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. புதிதாகச் சேரும் செவிலியர் எவரும் மூத்தவர் ஒருவரின் நேரடிப் பார்வையில் கேனுலா போட்டுத் தேர்ந்த பிறகே தனியாகப் பணிக்கு விடப்பட வேண்டும். மதிப்பெண் அட்டை ஒவ்வொரு நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் இடம்பெற வேண்டும். இரண்டையும் மாவட்டத்தின் எல்லாத் தனியார் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் சங்கம் கடிதமாக அனுப்ப வேண்டும். இதை வழிமொழியவும் திருத்தம் சொல்லவும் விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். பொருளாளர் கணக்கு படித்து முடித்ததும் வாக்கெடுப்பு.

செயலாளர்