வியாழக்கிழமைக்கு ஒரு ஆள்

மடிப்பாக்கம், சென்னை
14-12-2025

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உறைமேல் அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. போனில் எத்தனை பேசினாலும் கடிதம் கடிதம்தான். இரண்டு முறை படித்துவிட்டேன். இவருக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினம் நாலு வேளை சொட்டு மருந்து, நான்தான் விடுகிறேன். உன் மகளுக்கு ஏழாம் மாதம் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். வளைகாப்புக்குக் கட்டாயம் வருகிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது, ஸ்ரீரங்கத்து வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, பக்கத்தில் இருக்கும் நாய்க் காப்பகத்துக்குப் போகலாமா என்று நினைக்கிறேன், ஆனால் முட்டி வலி, நாயைத் தூக்க முடியாது, கொஞ்சம் பயமும் உண்டு, என்னால் அங்கே என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறாய். நிறைய ஆகும், வசந்தி. நாயைத் தூக்குவது அங்கே பத்தில் ஒரு வேலை. மீதி ஒன்பதுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதல் காரியமாக ஊசி போட்டுக்கொள். கடித்தபின் போடும் ஊசி இல்லை, கடிபடும் முன்பே போட்டுக்கொள்கிற வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று தவணை: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். டெட்டனஸ் ஊசியும் போட்டு நாளாகியிருந்தால் அதையும் முடித்துவிடு. இதைப் போட்டவர்களை நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ மறுபடி இரண்டே ஊசிதான், அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. ஆனால் கடிபட்டதும் முதல் வேலை, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. மஞ்சள், காப்பிப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நம் அம்மாக்கள் வைத்தார்கள் என்று நீயும் வைத்துவிடாதே. நான் காப்பகத்துக்குப் போகிற இந்த ஆறு வருஷத்தில் நாய் என்னை ஒரு முறைதான் கடித்தது. அதுவும் காலில் கட்டுப் பிரிக்கும்போது வலி தாங்காமல் கடித்தது. அதன்மேல் குற்றமில்லை.

ஊசி போடாதவர்களை உள்ளே விடுகிற காப்பகமாக இருந்தால் நீயே இரண்டு தடவை யோசித்துக்கொள்.

அடுத்தது உனக்கென்றே இருக்கிற வேலை. முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்தாய். ஒரு நோட்டுக்கட்டை இரண்டு முறை எண்ணாமல் நீ கொடுத்ததில்லை. அந்தக் கைதான் அங்கே வேண்டும். ஏன் என்று சொல்ல நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். இவரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

தெருநாய்களைக் கருத்தடைக்காகப் பிடித்து வருவார்கள், தெரியுமல்லவா? வண்டியிலிருந்து இறக்கியதும் ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் போட்ட பட்டை கட்டிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு எதிரே எந்தத் தெருவில் பிடித்தது, ஆணா பெண்ணா, என்ன நிறம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஆபரேஷன் முடிந்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் வைத்து, நாலைந்து நாள் காயம் ஆறியதும், பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட வேண்டும். 2001இல் வந்த விதியும் அதுதான், 2023இல் அதை மாற்றி எழுதிய புதிய விதியும் அதுதான். நாய்க்குத் தன் தெருதான் வீடு. அடுத்த தெருவில் விட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கிற கூட்டம் சும்மா விடாது.

ஒரு மாலை எனக்கு அவசரம். மழை வருவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். ‘நாலாவது குறுக்குத் தெரு’ என்று வண்டித் தம்பி சொன்னதை ‘நாலாவது தெரு’ என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். ஆறாம் நாள் ஒரு டீக்கடைக்கார அக்கா போனில் போட்டோவைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். “எங்க செவலையை இன்னும் விடலையா? முன்னங்கால்ல வெள்ளை இருக்கும்மா.” பதிவேட்டைத் திருப்பினேன். முந்தின நாளே விட்டாயிற்று. நாலாவது தெருவில்.

இரண்டு நாள் தேடினோம். ஒரு சிறு பாலத்தின் அடியில் ஒடுங்கிக் கிடந்தது. முதுகில் கடிபட்ட புண், அதில் புழு வைத்திருந்தது. மழைக்காலத்தில் ஈ உட்கார்ந்தால் இரண்டே நாளில் புழு வந்துவிடும். டாக்டர் பெண் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டாள். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபது வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. செவலை கத்தக்கூட இல்லை, டாக்டரின் மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருந்தது. இருபது நாளில் தேறி இப்போது டீக்கடை பெஞ்சுக்கு அடியில்தான் படுத்திருக்கிறது. நான் அந்த வழியாகப் போனால் வாலை ஆட்டும். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

அன்றிலிருந்து முகவரியை எழுதிவிட்டு வாய்விட்டு இரண்டு முறை படிக்கிறேன். பக்கத்தில் ஒரு அடையாளமும் எழுதுகிறேன்: டிரான்ஸ்பார்மர் பக்கம், ரேஷன் கடை எதிரே. நாயைத் தொடாமலே நாயைக் காப்பாற்றுகிற வேலை இது. நீ உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யலாம்.

உட்கார்ந்தபடி செய்ய இன்னொன்றும் இருக்கிறது. விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்துத் தொடர்கதை வாசிப்பாயே, அதையே அங்கே வாசி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பயந்துபோன நாய்களுக்கு மனிதக் குரல் பழக வேண்டும், அந்தக் குரல் தன்னிடம் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். எங்களிடம் மணி என்று ஒரு கிழ நாய் வந்தது. வீடு மாறிய யாரோ எங்கள் வாசல் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கழுத்தில் நல்ல தோல் பெல்ட். மூன்று வாரம் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. நான் கூண்டுக்கு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வேன். நேருக்கு நேர் உட்காரக் கூடாது, கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து படிப்பேன், தங்கம் விலை உட்பட. நாலாவது வாரம் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. ஆறாவது வாரம் கதவைத் திறந்து வைத்திருந்தேன். தானாக எழுந்து வந்து என் செருப்புமேல் தாடையை வைத்துப் படுத்தது. செருப்பு வழியாக அந்தச் சூடு காலுக்கு ஏறியது இன்னும் நினைவிருக்கிறது.

மணியைத் தத்தெடுக்க யாரும் வரவில்லை. போன ஆடியில் போய்விட்டது. இதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். அங்கே சாவு உண்டு. விபத்தில் வந்தது, பார்வோ என்கிற வயிற்றுப்போக்கு நோய் வந்த குட்டி, டிஸ்டம்பர் என்கிற வைரஸ் நோய் வந்து கால் இழுத்துக்கொண்டே இருப்பது. சில நாள் வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்காது. அந்த மாதிரி நாளில் உடனே கிளம்பிவிடாதே. அங்கே கூட்டிப் பெருக்குகிற ஆயாவோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பு. நான் அப்படித்தான் தாங்குகிறேன்.

பார்வோ என்றதும் நினைவு வருகிறது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் இருக்கும், பினாயிலுக்கு அசையாது. பிளீச்சிங் கரைசல்தான் அதற்கு. அதனால் போகும்போதெல்லாம் முதலில் ஆரோக்கியமான குட்டிகள், கடைசியில்தான் நோய் வார்டு. வரிசையை மாற்றவே கூடாது. வாசலில் தட்டில் கரைசல் வைத்திருப்பார்கள், செருப்பை அதில் நனைத்துவிட்டு உள்ளே போ. இதை ஒருவர் சொல்லி ஒருவர் கேட்பதில்லை என்பது எனக்குத் தீராத கோபம். பிறந்த நாள் கொண்டாடக் கும்பலாக வந்து எல்லாக் கூண்டிலும் கைவிட்டுக் கொஞ்சி, பாக்கெட் பாக்கெட்டாக கிரீம் பிஸ்கட்டைக் கொட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் பாதி நாய்க்கு வயிற்றுப்போக்கு, ஆயாவுக்கு நாள் முழுக்கக் கழுவுகிற வேலை. மனசு நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் கொண்டுவரலாமே! பழைய செய்தித்தாள், பருத்திப் புடவை, போர்வை, சணல் சாக்கு, அரிசி, இதெல்லாம் எந்த நாளும் வேண்டும். பஞ்சுத் தலையணை வேண்டாம், கடித்துத் தின்று தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

காப்பகத்தில் இருக்கும் நேரம் போதாது என்று தோன்றினால், வீட்டில் குட்டிகளை வைத்து வளர்த்துக் கொடுக்கலாம். ஃபாஸ்டர் என்பார்கள். இந்த டிசம்பர் முதல் வார மழையில் ஒரு கால்வாய் ஓரத்திலிருந்து கண் திறக்காத மூன்று குட்டிகளைக் கொண்டுவந்தார்கள், தாயைக் காணோம். இரண்டு எனக்கு வந்தது. பசும்பால் கொடுத்தால் கழியும். அதற்கென்றே பால்பவுடர் இருக்கிறது, அதைத்தான் கரைத்து இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் கொடுக்க வேண்டும், ராத்திரியும்தான். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற, தாயிடம் குடிக்கிற மாதிரியே இருக்க வேண்டும். குடித்ததும் ஈரப் பஞ்சால் அடியில் மெல்லத் தடவிவிட்டால்தான் ஒன்றுக்குப் போகும். அதைத் தாய் நக்கிச் செய்வாள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சின்ன வாய் பாட்டில் முனையைப் பிடித்து இழுக்கும்போது, முன்னங்கால் இரண்டும் காற்றில் மாவு பிசையும். நேற்றுத்தான் ஒன்றுக்கு இடது கண் கோடுபோலத் திறந்தது. இவருக்கும் இடது கண், அதற்கும் இடது கண் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். உன் மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், அதனால் உனக்கு இப்போது ஃபாஸ்டர் வேண்டாம். பேத்தியோ பேரனோ தவழ்ந்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழையில் குட்டிகள் என்றால் எனக்கு எப்போதும் கேப்டன் சுந்தரம் நினைவுதான். விமானி. 1959இல் இதே சென்னையில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார். புளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. பிடித்துக் கொல்வதால் நாய்கள் குறையாது, கருத்தடைதான் வழி என்று அவர்கள் அறுபதுகளிலேயே சொன்னார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று.

உங்கள் தெருவில் தெருநாய்களை வைத்து இரண்டு கட்சியாகச் சண்டை நடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் தாக்கியதும் ஆக்ரோஷமானதும் மட்டும் விலக்கு, உணவிடத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று சொன்னது. குழந்தையைக் கடித்துவிடுமோ என்று பயப்படுகிற தாயை நான் எதிரியாக நினைக்கவே மாட்டேன். அவள் பயம் நியாயம். அவளிடம் வாதாடுவதைவிட, அந்தத் தெருவில் காது வெட்டு இல்லாத நாய் எது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து காப்பகத்தில் கொடு. இரண்டு கட்சிக்கும் அது நல்லது. அதுவும் தொண்டுதான்.

இன்னும் ஒன்று, உன் குரலுக்கு ஏற்ற வேலை. தத்துப் போன நாய்களின் வீட்டுக்குப் போன் செய்து விசாரிப்பது. நான் மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என்று வைத்திருக்கிறேன். “செருப்பைக் கடிக்குதும்மா”, “வீட்டுக்குள்ளயே ஒன்றுக்குப் போகுது” என்பார்கள். பெரும்பாலும் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் மோசமானவர்கள் இல்லை, கேட்க ஆளில்லாதவர்கள். அந்த நேரத்தில் பத்து நிமிஷம் பேசினால் நாய் அந்த வீட்டிலேயே நின்றுவிடும்.

அங்கே போய், “எந்த நாளில் உங்களுக்கு ஆள் இல்லை?” என்று முதலில் கேள். எங்கள் இடத்தில் சனி, ஞாயிறு நிற்க இடமிருக்காது, கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். வியாழக்கிழமை ஆயாவும் நானும் மட்டும்தான். அங்கேயும் அப்படி ஆள் இல்லாத ஒரு நாளை எடுத்துக்கொள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. மூன்று மணி நேரம் போதும். ஆனால் எல்லா வாரமும் அதே நாள், அதே நேரம். ஒரு வாரம் ஏழு மணி நேரம் இருந்துவிட்டு இரண்டு மாதம் காணாமல் போகாதே. நாய்களும் நாளைக் கணக்கு வைக்கும், வசந்தி. நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

பத்து மணியாகிறது, குட்டிகளுக்குப் பால் கரைக்க வேண்டும். எந்த நாள் என்று முடிவு செய்ததும் எனக்கு எழுது. முதல் நாளுக்கு நான் திருச்சி வருகிறேன், வாசல்வரை கூட வருகிறேன். முழுக்காலை மூடுகிற பழைய சல்வார் ஒன்று எடுத்து வை, புடவை வேண்டாம்.

என்றும் உன்,
ராஜி