உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒன்பது வயதுதானா? பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

திருகோணமலை

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் ஆங்கில ஆசிரியை லீவில் நின்றதால் தரம் 8 வகுப்பு ஒன்றுக்கு நான் போனேன். பாடவேளையை வீணாக்கக் கூடாதே என்று, ஒவ்வொருவராக எழும்பி உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். முன்வரிசையில் இருந்த பையன் எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்புவித்தான். பெயர் சொன்னான், ஊர் சொன்னான், ‘ஐ ஆம் நைன் இயர்ஸ் ஓல்ட்’ என்றான், ‘மை ஃபாதர் இஸ் எ டீச்சர்’ என்று முடித்துவிட்டு இருந்தான். பையனுக்கு வயது 13. தகப்பனார் கடற்றொழில் செய்பவர். வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் யோசனையாகப் போயிற்று.

விசாரித்துப் பார்த்தேன். தரம் 4இல் பாடமாக்கிய ‘மைசெல்ஃப்’ கட்டுரையாம். யாரோ எழுதிக்கொடுத்ததைக் கொப்பியில் இறக்கி, தேவாரம்போல மனனம் செய்து, நாலு வருடமாக அதையே சொல்லிக்கொண்டு வருகிறான். பிள்ளையில் பிழையில்லை. அது தன்னைப் பற்றிய விஷயம் என்றே அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இந்தத் தவணையில் ஆங்கிலப் பாடத்தோடு ஒரு சிறிய வேலையை எல்லா வகுப்புகளிலும் தொடங்குகிறோம். தன் பெயர், பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம், பெற்றோரின் தொழில் ஆகியவற்றை யார் எந்த ஒழுங்கில் கேட்டாலும் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லவும், படிவத்தில் எழுதவும் வேண்டும். ஆங்கிலச் சொற்களை நாங்கள் சொல்லிக்கொடுப்போம். விடைகள் உங்கள் வீட்டு அலுமாரிக்குள், அந்தப் பழைய ஃபைலில் இருக்கின்றன. ஆங்கிலம் தெரியாத அம்மாவும் அப்பாவும் இதில் உதவ முடியும். உண்மையில், உங்களைத் தவிர வேறு யாரும் உதவ முடியாது.

முதலில் பெயர். இதில்தான் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். 15 வயது நிறைந்த பிள்ளைகள் பாடசாலை மூலம் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அதை அதிபர்தான் உறுதிப்படுத்த வேண்டும். அதனால் ஒவ்வொரு வருடமும் இந்தக் கூத்து என் மேசையில் நடக்கிறது. தகப்பன் பெயர் சிவலிங்கம், மகள் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் போட்டு சிவலிங்கம் கவிதா என்கிறோம். வெளிநாட்டுப் படிவம் ஒன்றில் ‘ஃபர்ஸ்ட் நேம்’ என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? முதலில் வரும் பெயர்தானே என்று சிவலிங்கம் என எழுதும். ‘லாஸ்ட் நேம்’ என்ற இடத்தில் கடைசியில் வரும் தன் பெயரை எழுதும். இரண்டும் தலைகீழ். கேட்டவர்கள் நாளைக்கு ‘டியர் சிவலிங்கம்’ என்று பிள்ளைக்குக் கடிதம் போடுவார்கள்.

ஆகவே முதல், கடைசி என்ற கணக்கை மறந்துவிடச் சொல்லுங்கள். ‘கிவ்ன் நேம்’ என்றால் நீங்கள் பிள்ளைக்கு வைத்த பெயர். ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘ஃபோர்நேம்’ என்பவையும் அதுதான். ‘சர்நேம்’, ‘ஃபமிலி நேம்’, ‘லாஸ்ட் நேம்’ மூன்றும் ஒன்று. ஆங்கிலேயருக்கு அது பாட்டன் முதல் பேரன் வரை மாறாத குடும்பப் பெயர். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லாததால் தகப்பன் பெயர் அந்தப் பெட்டிக்குள் போய் இருக்கிறது. நம் நாட்டுப் படிவங்களில் ‘நேம் வித் இனிஷியல்ஸ்’ என்று கேட்பார்கள், அதற்குக் கீழே ‘நேம்ஸ் டினோட்டட் பை இனிஷியல்ஸ்’ என்று வரும். முதலெழுத்து குறிக்கும் பெயரை அங்கே விரித்து எழுத வேண்டும். ‘எஸ். கவிதா’ என்றால் சிவலிங்கம். அவ்வளவுதான். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று முதலெழுத்துகள் இருக்கும். எந்த எழுத்து எந்தப் பெயர் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் ஒருமுறை விரித்துச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்துக் கூட்டல். தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் மூன்று உடுப்பு. தர்ஷினி என்ற பெயரை ‘டி, எச்’ என்று தொடங்குவாரும் உண்டு, வெறும் ‘டி’யோடு தொடங்குவாரும் உண்டு, இன்னொரு ‘டி’, அதாவது ‘டோக்’குக்கு வரும் ‘டி’யோடு தொடங்குவாரும் உண்டு. மொஹமட் என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று நான் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். எது சரி என்று கேட்டால், பிறப்புச் சான்றிதழிலோ ஏற்கெனவே எடுத்த கடவுச்சீட்டிலோ ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதுதான் சரி. அழகான எழுத்துக்கூட்டல் என்று எண்சாத்திரம் பார்த்து இடையில் ஓர் எழுத்தைக் கூட்ட வேண்டாம். ஓர் எழுத்து மாறியதற்காக சமாதான நீதவானிடம் போய் சத்தியக்கடதாசி முடித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கிறது. யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 கடல் பெருக்கிலும் பத்திரங்களைப் பறிகொடுத்துவிட்டு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) ஊருக்கும் அலைந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

எழுத்துக்கூட்டல் தெரிந்தால் மட்டும் போதாது, வாயால் சொல்லவும் வேண்டும். ‘ஹவ் டு யூ ஸ்பெல் இட்?’ என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் பெயரை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறார்கள். கேட்டவருக்குக் காது கேட்கவில்லை என்ற நினைப்பு! கேள்வி எழுத்துகளைப் பற்றியது. அப்புறம், ‘ஈ’ என்று சொன்னால் ‘ஐ’ எழுதுகிறார்கள், ‘ஏ’ என்று சொன்னால் ‘ஈ’ எழுதுகிறார்கள். தமிழ்க் காதுக்கு இது இயல்பான மயக்கம்தான். தொலைபேசியில் ‘எம்’மும் ‘என்’னும் ஒன்றுபோலவே கேட்கும். ‘எம் ஃபோர் மதர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறோம். ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் ‘டபுள்’. நம் ஊர்ப் பெயரையே எடுங்கள். ‘ட்ரிங்கோமலி’ 11 எழுத்து, முடிவில் ‘டபுள் ஈ’. தரம் 5 பிள்ளைகளிடம் கேட்டேன். பாதிப் பேர் ஓர் ‘ஈ’யை விழுங்கிவிட்டார்கள்.

ஊர்ப் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது, முகவரியில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்களுக்கு ஆங்கிலத்தில் பெயரே வேறு. உவர்மலை ‘ஓர்ஸ் ஹில்’ ஆகிவிடும், சீனக்குடா ‘சைனா பே’, உட்துறைமுக வீதி ‘இன்னர் ஹார்பர் ரோட்’. ஆனால் நிலாவெளியும் உப்புவெளியும் அப்படியே இருக்கும், யாரும் நிலாவை மொழிபெயர்ப்பதில்லை. திருஞானசம்பந்தர் வீதியில் இருக்கும் பிள்ளைகள் பாவம், அவர்களுக்கு வீட்டுக்குப் போகும் வழியைவிட வீதியின் எழுத்துக்கூட்டல் நீளம். ஒழுங்கை ‘லேன்’. வீட்டு இலக்கத்தில் சாய்கோடு வந்தால் நம் நாட்டில் ‘பை’ என்போம், வெளிநாட்டார் ‘ஸ்லாஷ்’ என்பார்கள். தபால் குறியீடு நகரத்துக்கு 31000. வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் தபாற்கந்தோரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்த திகதி. சில வீடுகளில் நட்சத்திரப்படி பிறந்தநாள் கொண்டாடுகிறீர்கள். நல்ல வழக்கம். ஆனால் ‘டேட் ஒஃப் பேர்த்’ என்று கேட்டால் சான்றிதழில் உள்ள திகதியை ஆண்டோடு சொல்ல வேண்டும். ‘பேர்த்டே’ என்று கேட்டால் நாளும் மாதமும் போதும். 13க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும்போது கவனிக்கச் சொல்லுங்கள். ‘தேர்ட்டீன்’ என்பதில் கடைசி அசையை இழுக்க வேண்டும். அமெரிக்கர் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், ஆகவே இணையப் படிவங்களில் பெட்டிக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டே எழுத வேண்டும்.

தொழில் பற்றி ஒரு வார்த்தை. ‘வட் டஸ் யுவர் ஃபாதர் டூ?’ என்று கேட்டேன். ‘கட்டார்’ என்றாள் ஒரு பிள்ளை. அது நாடு, தொழில் அல்ல என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், பிறகு கேட்டால் அப்பா அங்கே என்ன வேலை செய்கிறார் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் சொல்லுங்கள். மேசன், ட்ரைவர், டெய்லர் எல்லாம் நாங்கள் தமிழிலேயே பாவிக்கிற சொற்கள்தான். கடற்றொழிலாளி ‘ஃபிஷர்மன்’. சொந்தமாகச் சிறுதொழில் செய்கிறவர் ‘செல்ஃப் எம்ப்ளோய்ட்’. கட்டுரையில் மார்க்ஸ் வரும் என்று எல்லாத் தகப்பன்மாரையும் டீச்சர் ஆக்கத் தேவையில்லை. முன்வரிசைப் பையனிடம் உன் அப்பா எத்தனை மணிக்குக் கடலுக்குப் போவார் என்று தமிழில் கேட்டேன். பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான்.

தகப்பனோ தாயோ இல்லாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். எங்கே இருக்கிறார் என்றே தெரியாத தகப்பனைக் கொண்ட வீடுகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. ‘ஃபாதர்ஸ் நேம்’ என்ற கேள்வி அந்தப் பிள்ளைக்கு வெறும் இலக்கணப் பயிற்சி அல்ல. பெற்றோர் பற்றிய கேள்விகளை வகுப்பின் முன்னால் கேட்க வேண்டாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ‘கார்டியன்’ என்ற சொல்லை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். அம்மம்மா வளர்க்கிறார் என்றால் அம்மம்மாவின் பெயர் அந்த இடத்துக்கு வரும். உறவுமுறை கேட்டால் ‘கிராண்ட்மதர்’.

இனி எனக்கு மிகவும் முக்கியமான விஷயம். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, எங்கே சொல்லக்கூடாது என்றும் தெரிய வேண்டும். வைத்தியசாலையிலும் பரீட்சை மண்டபத்திலும் எல்லாம் சொல்லலாம். உப்புவெளிக் கடற்கரையில் சிரித்துப் பேசும் வெளிநாட்டுப் பயணிக்கு முதற்பெயர் போதும். போன் விளையாட்டில் வரும் ஆளுக்கு அதுவும் வேண்டாம். ‘சொரி, ஐ கான்ட் டெல் யூ தட்’, ‘ப்ளீஸ் ஆஸ்க் மை மதர்’ என்ற இரண்டு வசனங்களையும் பெயரும் முகவரியும் படிக்கும் அதே நாளில் படிப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு மரியாதையாக மறுக்கத் தெரியாது. கேட்டால் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நாங்களே வளர்த்துவிட்டோம்.

அடையாள அட்டை இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெரியவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே இலக்கத்தைப் பார்த்தாலே வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் நாமே கையில் எடுத்துக் கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்? பிள்ளைக்கு யாராலும் தொந்தரவு என்றால் 1929க்கு அழையுங்கள். அவசர அம்புலன்ஸுக்கு 1990, அது இலவசம். அங்கே முதலில் கேட்பது இடம் எது என்றுதான், தமிழிலேயே சொல்லலாம்.

ஆங்கிலம் படியுங்கள் என்று எழுதுவதால் தமிழை விடுங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வருகிறது. அதில் தமிழ்க் கேள்விக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல் இருக்கும். ஒரு மாலை நேரம், பிறப்புச் சான்றிதழை வெளியே எடுத்து வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி நிரப்புங்கள். நீங்கள் விடையைச் சொல்லுங்கள், எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். பார்த்துத் திருத்திய பிறகு படிவத்தைத் திருப்பித் தருவோம், பாடசாலையில் பிரதி வைத்துக்கொள்ள மாட்டோம். சான்றிதழில் பிழை இருப்பவர்களும், சான்றிதழே இல்லாதவர்களும் செவ்வாய்க்கிழமைகளில் இடைவேளைக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். வேலை காரணமாக வர முடியாதவர்கள் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு எடுங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்,
அதிபர்

பிற்குறிப்பு: முதலில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனையை நாங்கள் பிறகு கொடுக்கிறோம்.