அந்தக் கரண்டியை உருக்கக் கொடுக்காதே

கும்பகோணம்
ஆடி 12

அன்புள்ள காமு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தை இடுப்பு வலி குறைந்து எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அரசலாற்றில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, இவர் குறுவை வயலே கதி என்று இருக்கிறார். சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் நேரில். உங்கள் வீட்டுப் பழைய வெள்ளிக் கரண்டியைக் கடையில் உருக்கக் கொடுக்கலாமா என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துத்தான் இருப்புக்கொள்ளாமல் எழுதுகிறேன்.

தயவுசெய்து அதை உருக்கக் கொடுக்காதே. ‘பழைய வெள்ளி, டச் கம்மி, கழிவு போகத்தான் எடுப்போம்’ என்று கடையில் சொன்னார்களாம். டச் என்று அவர்கள் சொல்வது வெள்ளியின் சுத்தத்தை. காம்பின் பின்பக்கத்தை நீ எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்காலைத் தூக்கி நடக்கிற சிங்கம் ஒன்று இருக்கிறது பார். இங்கிலாந்தில் 92.5 சதவீத வெள்ளி என்று சோதித்துப் பார்த்து அடிக்கிற முத்திரை அது. கரண்டி 150 கிராம் என்றால் அதில் ஏறக்குறைய 139 கிராம் சுத்த வெள்ளி. டச் கம்மி என்பதை நம்பாதே.

பக்கத்தில் சிறுத்தை முகம், லண்டனில் சோதித்ததற்கு அடையாளம். அடுத்தது விக்டோரியா மகாராணியின் தலை. வெள்ளிச் சாமானுக்கு வரி கட்டியாகிவிட்டது என்பதற்காக அதை அடித்தார்கள். 1890இல் வரியை எடுத்ததும் தலையும் நின்றுபோனது. அவர் பட்டத்துக்கு வந்தது 1837இல், ஆக இந்த இரண்டுக்கும் நடுவில் செய்த கரண்டி. காலத்தை இன்னும் நெருங்கிச் சொல்லலாம். லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து அடிப்பார்கள், இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றுவார்கள். உன் கரண்டியில் எது என்று படிக்க முடியாதபடி தேய்ந்திருக்கிறது. ஆனால் பழைய பைபிள்களில் வருகிற, கொக்கி வைத்த சின்ன எழுத்து என்பது தெரிகிறது. அந்த வடிவம் 1856 முதல் 1875 வரை இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது 1861இல், ஏறத்தாழ அந்தக் காலத்துப் பொருள்!

உன் மாமனாரின் தாத்தா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா, ஊர் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது என்று அத்தை சொல்வது இதோடு ஒத்துப்போகிறது. திருச்சி பொன்மலைக்கு மாறும் முன் பட்டறை அங்கேதானே இருந்தது. அத்தை சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வை, காமு. அவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.

எதற்கான கரண்டி என்று கேட்டிருந்தாய். மீன் பரிமாற. வேகவைத்த முழு மீனைத் தட்டில் வைத்து, துண்டு உடையாமல் தூக்குவதற்குத்தான் அந்த அகலம். தண்ணீர் வடியத்தான் துளைகள். அந்தத் துளைகளையே கொடியும் சுருளுமாக அறுத்திருக்கிறான் பார், அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். மீன் சமைக்காத வீட்டில் இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதே. 18ஆம் நூற்றாண்டில் இந்த வகைக் கரண்டி வந்த புதிதில் புட்டிங் எடுத்து வைக்கவும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மைசூர்பாகும் பாதுஷாவும் எடுத்து வைத்தது அதற்குப் பொருந்தாத வேலையே இல்லை.

காம்பில் உள்ள துரையின் பெயரெழுத்துகளை அழித்து பாலீஷ் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாராமே, அதற்கும் சம்மதிக்காதே. அழித்த இடத்தில் வெள்ளி மெலிந்துவிடும். பழகியவர்கள் அதன்மேல் வாயால் ஊதிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நீயும் விபூதி போட்டு அழுத்தித் தேய்க்காதே, முத்திரை இன்னும் போய்விடும். சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் முக்கினால் பளிச்சென்று ஆகும், ஆனால் செதுக்கலின் பள்ளங்களில் உள்ள கறுப்பும் போய்விடும். அந்தக் கறுப்பு இருந்தால்தான் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும். துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வை. ரப்பர் பேண்ட் போடாதே, ரப்பரில் இருக்கிற கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடாகப் பிடித்துக்கொள்ளும். கரண்டியின் அகன்ற பகுதியில் விரிசல் கண்டால் ஈயப் பற்று வைக்கவும் விடாதே.

விலை என்று பார்த்தால், விக்டோரியா காலத்து மீன் கரண்டிகள் நிறையவே இருக்கின்றன, லட்சக்கணக்கில் வரும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். லண்டனில் இருக்கும் தம்பி மூலம் அங்கே ஏலத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டாய். கூடாது. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை அரசின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. பணமுடை என்றால் என்னிடம் சொல், எடைக்கு மேலேயே கொடுத்து நான் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எப்போது கேட்டாலும் எடுத்து வருவேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மாயவரம் வருகிறேன். லென்ஸ் கொண்டு வருகிறேன், செய்தவரின் முதலெழுத்துகளையும் படித்துப் பார்த்துவிடலாம். அதற்குள் அந்தக் கடைக்காரர் போன் செய்தால், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல். அத்தைக்கு என் வணக்கம்.

உன்,
சாவித்திரி