பிள்ளைகளின் சமய ஓவிய வகுப்புக்கு ஓர் அறை வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

ஆகஸ்டு 15-ஆம் தேதிக்குள் 7,357 ரிங்கிட் சேர வேண்டும். சேராவிட்டால் ஞாயிறு காலையில் நம் ஆலய மண்டபத்தில் நடந்துவரும் பிள்ளைகளின் சமய ஓவிய வகுப்பு நின்றுபோகும். நாள் குறைவு என்பதால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

காரணம் நல்ல காரணம்தான். ஆவணி பிறந்ததும் திருப்பணிக்காகப் பாலாலயம் செய்கிறார்கள், அதாவது வேலை முடியும்வரை சுவாமியைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். மண்டபம் முழுக்கச் சாரம் கட்டிவிடுவார்கள், மணலும் சிமெண்டும் வந்து இறங்கும். குடமுழுக்கு முடிய ஓராண்டாவது ஆகுமாம். அதுவரை 46 பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது? நான்கு மாதமாகத் தேடினோம். ஓரிடத்தில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, கல்யாண முகூர்த்தம் வந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம்தான் பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடி கிடைத்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை வெளிச்சம் தாராளமாக வரும். படம் வரைகிற பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்காரர் சீனர். பிள்ளைகள் வரைந்த படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, 800 என்று சொன்ன வாடகையை 650-ஆகக் குறைத்தார். ஆனால் 15-ஆம் தேதிக்கு மேல் காத்திருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இந்த வகுப்பு எப்படி வந்தது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆலயம் ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகையாக இருந்த காலத்தில், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் நகராண்மையில் கூலி வேலை பார்த்தவர்களும்தான் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு விளக்கேற்றினார்கள். அவர்களில் ஒருவர் கடைத்தெருவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். ஆனால் ஒரு முழ நீளக் கோட்டை அளவுகோல் இல்லாமல் நேராக இழுப்பார். தைப்பூசம் நெருங்கினால் காவடிகளுக்கு மயில் தோகையும் வேலும் எழுதித் தருவதற்கு ஒரு காசு வாங்கமாட்டார். கொட்டகை போய்ச் சிமெண்டுத் தரை வந்ததும், அந்தத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இன்று மாதம் தவறாமல் சந்தா கட்டும் பெரியவர்கள் பலர் அந்தத் தரையில் குப்புறப் படுத்துப் பிள்ளையார் வரைந்தவர்கள்தான்.

அவருடைய தூரிகைகள் இன்னும் இருக்கின்றன, ஒரு பழைய மைலோ டின்னில். டின்னின் பச்சை நிறம் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. ஒரு தூரிகையின் காம்பில் அவர் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் குழிந்து பளபளப்பாக இருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் அந்தத் தூரிகையைக் கையில் கொடுத்துத் திருப்பி வாங்குவது எங்கள் வழக்கம். "கண்ணைக் கடைசியில் போடு" என்று அவர் சொல்லிவிட்டுப் போனதையும் இன்றுவரை மாற்றவில்லை. விக்கிரகத்துக்குச் சிற்பி கண் திறப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகுதானே, அதே முறைதான் தாளிலும். கண்ணை முதலில் போட்டுவிட்டால் பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருக்கும், மற்ற உறுப்புகளின் அளவு தவறிவிடும். பக்தியும் பயிற்சியும் இங்கே ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

பள்ளியில்தான் காட்சிக்கலைக் கல்வி இருக்கிறதே, இது எதற்கு என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இணையத்திலிருந்து சாமி படத்தை எடுத்து அச்சடித்துக் கொடுத்தால் வண்ணம் தீட்டிவிட்டுப் போகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். அச்சடித்த கோட்டுக்குள் நிறம் நிரப்புவதை நாங்கள் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அதில் பிள்ளை பார்ப்பதில்லை. பார்க்காத பிள்ளைக்குக் கும்பிடுவதும் பாதிதான் வரும் என்பது எங்கள் எண்ணம்.

இங்கே முதல் பாடம் பிள்ளையார் சுழி. ஒரு வளைவு, ஒரு நேர்கோடு. கை நடுங்காமல் அது வருவதற்கே இரண்டு வாரம் ஆகும். அப்புறம் புள்ளிக்கோலம். நடுவில் ஏழு புள்ளி, மேலும் கீழும் ஊடுபுள்ளியாகக் குறைத்துக்கொண்டே போய் நான்கில் நிறுத்தினால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முக்கோணம் போடச் சொல்வோம். முருகனின் அறுகோணம் தானாக எழும்பி வரும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும். சரவணபவ என்ற ஆறெழுத்தை ஆறு மூலையிலும் எழுதச் சொன்னால், மறுவாரம் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இப்படித்தான் வடிவியலும் மந்திரமும் சேர்ந்து கைக்குள் போகின்றன.

முதல் ஆறு மாதம் நான்கே நிறங்கள்தான் தருவோம்: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. பச்சை வேண்டுமென்றால் மஞ்சளையும் நீலத்தையும் கலந்து அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். மீனாட்சியின் பச்சைக்கு மஞ்சள் எவ்வளவு, மயில் கழுத்துக்கு நீலம் எவ்வளவு என்று தேடித் தேடிக் கலக்குவார்கள். காவி என்பது சிவப்பும் மஞ்சளும் என்று தெரிந்த அன்று ஒரு பையன், "அப்ப சாமியார் வேட்டியிலே ரெண்டு கலர் இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். வெற்றிலை மேல் குங்குமம் வைத்துக் காட்டுவோம். அதே குங்குமத்தைச் செம்பருத்தி இதழ் மேலும் வைப்போம். வெற்றிலையில் பளிச்சென்று தெரியும், செம்பருத்தியில் காணாமல் போகும். சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை என்பதை வண்ணச் சக்கரத்தில் பார்க்கும் முன்பே அவர்கள் தாம்பாளத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

சென்ற பங்குனியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரத்தி கரைக்கும் பாடம். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டதும் தட்டு முழுக்கச் சிவந்தது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி உடனே தன் தட்டுக்குப் போய் மஞ்சள் வர்ணத்தில் வெள்ளையைக் கலந்தாள். சிவக்கவில்லை, வெளிர்மஞ்சள்தான் வந்தது. மறுபடியும் கலந்தாள். கண் கலங்கிவிட்டது, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக. ஆசிரியை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விளக்கினார்: நிறமும் நிறமும் கலப்பது வேறு, மஞ்சள் கிழங்கின் சத்து சுண்ணாம்பின் காரம் பட்டு மாறுவது வேறு. நம் பாட்டிமார்கள் குங்குமம் செய்ததும் இப்படி மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் என்றும் சொன்னார். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றது வண்ணப் பாடமா, அறிவியலா, சமயமா? எங்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பெரிய பிள்ளைகளைக் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்துக்கு எதிரே உட்கார வைத்துக் கோபுரம் வரையச் சொல்கிறோம். 1833-இல் எழுந்த ஆலயம். பல தலைமுறையாக அதன் வழியே நடக்கிறோம், நம்மில் எத்தனை பேர் அந்தக் கோபுரத்தின் ஒரு நிலையையாவது நின்று பார்த்திருக்கிறோம்? தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளித் தேரையும், 2017 முதல் கூடவே வரும் தங்கத் தேரையும் வரைந்து வரச் சொன்னோம். கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து தேர்ச் சக்கரத்தின் ஆரங்களை எண்ணிக்கொண்டு வந்த பிள்ளையும் உண்டு.

பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் வருத்தப்படுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சி அங்கே இருக்கிறது. அந்த உட்சுற்று இருட்டான இடம். பார்க்க ஆள் வருவார்களா என்று எண்ணாமல் விளக்கு வெளிச்சத்தில் நின்று வரைந்திருக்கிறார்கள். வரைவதையே வழிபாடாகச் செய்த பரம்பரை நம்முடையது. அந்தப் பரம்பரையின் பிள்ளைகள் ஒரு மாடி அறை இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவதா?

"சாமி உண்மையாவே இப்படித்தான் இருப்பாரா?" வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது. பவளம் போன்ற மேனியில் பால்போன்ற வெண்ணீறு என்று தில்லைக்கூத்தனைப் பாடிய அதே அப்பர் பெருமான்தான், இந்த நிறத்தன், இந்த வண்ணத்தன் என்று அவனை எழுதிக் காட்ட முடியாது என்றும் பாடியிருக்கிறார். இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்கிறோம். முடியாது என்று தெரிந்தும் அன்பினால் வரைகிறோம் என்று சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது. நம்மைவிட நன்றாகவே புரிகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஓராண்டு வாடகை 7,800 ரிங்கிட். வீட்டுக்கும் மின்சாரம், தண்ணீருக்கும் சேர்த்து முன்பணம் 1,625. மாதாந்திர மின்சார, தண்ணீர்க் கட்டணம் ஆண்டுக்கு 1,320. தரையில் உட்கார்ந்து வரைய மடக்கு மேசை 12, ஒன்று 85 வீதம் 1,020. மின்விசிறி நான்கு, விளக்குகள், எல்லாம் சேர்த்து 740. ஒரு பிள்ளைக்கு வரைதாள் கட்டு 14, பென்சிலும் அழிப்பானும் 6, போஸ்டர் கலர் நான்கு போத்தல் 18, தூரிகை மூன்று 9, ஆயில் பேஸ்டல் 15, ஆக 62 ரிங்கிட். 46 பிள்ளைகளுக்கு 2,852. ஆசிரியைகள் இருவரும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருகிறார். போக்குவரத்துக்காவது வகுப்புக்கு 30 ரிங்கிட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள்தான் வற்புறுத்தினோம். 44 வாரத்துக்கு இருவருக்கும் 2,640. மொத்தம் 17,997 ரிங்கிட். இதுவரை கையில் இருப்பது 10,640. குறைவது 7,357.

இந்தப் பத்தாயிரம் சும்மா வரவில்லை. அதைத் தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கடைத்தெருவில் பூமாலை கட்டும் அம்மா, தீபாவளி வியாபாரத்தில் ஒரு நாள் வருமானத்தை அப்படியே நெகிழிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சில்லறைக் காசும் மல்லிகை வாசமும் சேர்ந்திருந்தன. லோரி ஓட்டும் தம்பி ஒருவர் தன் பிள்ளை வகுப்பைவிட்டுப் போய் மூன்று ஆண்டாகியும் மாதம் 20 ரிங்கிட்டை நிறுத்தவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் மனைவியின் திதியன்று அன்னதானத்தோடு 20 பெட்டி வர்ணப் பென்சிலும் வாங்கித் தந்தார். ஒருவர் ஒவ்வொரு மாதமும் உண்டியலில் 50 ரிங்கிட்டை உறையில் போடுகிறார். மேலே "பிள்ளைகளுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கும், கையெழுத்தை வைத்துக்கூட யாரென்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐயா, அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும் உங்கள் குலம் தழைக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் தரையில் சிந்திய வர்ணத்தை வாரா வாரம் துடைத்துத் தரும் தாய்மார்களின் உழைப்பையும் இந்த வரவிலேயே சேர்த்து எண்ணுகிறோம்.

மனம் நோகாமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 46 பிள்ளைகளின் வீடுகளில் இதுவரை தந்தவை 19. மற்றவர்களின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. வேலை போனவர்கள் இருக்கிறார்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். அவர்கள் பிள்ளைக்கும் அதே தாள், அதே தூரிகைதான். ஆனால் வசதி இருந்தும் பேசாமல் இருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அலங்காரம் செய்ய ஐந்நூறு செலவழிக்கிறோம். கும்பாபிஷேகக் கல்வெட்டில் பெயர் வரும் என்றால் ஆயிரம் எழுதுகிறோம். தேவார வகுப்பு, ஓவிய வகுப்பு என்று வந்தால் மட்டும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறோம். கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பது நம் கடமை என்றால், அந்தக் கோபுரத்தைப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை வளர்ப்பதும் கடமைதான். மூட்டை சுமந்தவர்கள் நமக்குத் தரை போட்டுக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துக் கொடுக்க ஏன் முடியவில்லை என்று நாளை அந்தப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்?

62 ரிங்கிட் தந்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பொருள்களை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகும். 85 தந்தால் ஒரு மேசை. 650 தந்தால் ஒரு மாத வாடகை. ஐந்து ரிங்கிட் தந்தாலும் ரசீது உண்டு. பணத்துக்குப் பதிலாகப் பழைய மின்விசிறி நல்ல நிலையில் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்கிறோம், அந்தச் செலவு குறையும். ஒன்றை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் வரிக்கழிவு தரும் அனுமதி எங்கள் குழுவுக்கு இல்லை. ஆகவே நாங்கள் தரும் ரசீதை வரிக் கணக்கில் காட்ட முடியாது.

ஆலய அலுவலகம் தினமும் மாலைப் பூசைக்குப் பின் ஒன்பது மணிவரை திறந்திருக்கும். நேரில் வந்து கொடுக்கலாம், காசோலையாகவும் தரலாம். வங்கிவழி அனுப்புகிறவர்கள் அலுவலக மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்தி, குறிப்பில் "ஓவிய வகுப்பு" என்று மறக்காமல் எழுதுங்கள்; இல்லாவிட்டால் திருப்பணிக் கணக்கில் சேர்ந்துவிடும். வரவு செலவு ஒவ்வொரு வெள்ளியும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

பணம் சேர்ந்தால் 16-ஆம் தேதி காலை மாடியைக் கழுவித் துடைக்கும் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேர்ந்து செய்யும் கூட்டுப்பணி. துடைப்பமும் வாளியும் வைத்திருப்பவர்கள் எட்டு மணிக்கு வந்துவிடுங்கள், பசியாறலுக்கு இட்லி ஏற்பாடாகிவிட்டது. விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் புது அறையில் உட்கார்ந்து முதல் சுழி போடுவார்கள். மைலோ டின்னை ஜன்னல் பக்கம் வைக்கப்போகிறோம்.

இப்படிக்கு,
சமய ஓவிய வகுப்புக் குழுவினர்,
பினாங்கு