பேய் தேடுவோர் பெலிலெனவுக்குப் போகாதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கமராவும் மின்காந்த அளவியும் தூக்கிக்கொண்டு பேய் தேடும் இளைஞர்களின் காணொளிகளை என் பேரன் விடாமல் பார்க்கிறான். நானும் கூட உட்கார்ந்து பார்த்ததில், எல்லாரும் போவது பழைய துரை பங்களாவுக்கும் ரயில் சுரங்கத்துக்கும்தான். இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் லூல்கந்துரவில் தொடங்கியதே 1867இல். அப்படியென்றால் மலையகப் பேய்களில் மூத்ததற்கும் வயது இருநூறைத் தாண்டுவது அரிது!

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில் கித்துல்கல. அங்கே பெலிலென குகையில் 10,000 ஆண்டுகளைத் தாண்டிய மனித எலும்புகள் கிடைத்தன. நான் பார்த்த ஒரு காணொளியிலும் அந்தக் குகை இல்லை. தொல்லியல் இடத்தில் இரவு தங்க அனுமதிக்கு அலைய வேண்டும், பங்களா என்றால் வாடகைக்கே கிடைக்கும். சரி, அது ஒரு காரணம். ஆனால் பேய்க்கு ஒரு பெயர் வேண்டும், அகாலச் சாவுக் கதையும் வேண்டும். "உன் பெயர் என்ன?" என்று இருட்டில் கேட்டால், அந்தக் குகையில் வாழ்ந்த ஆதி மனிதனான பலாங்கொடை மனிதன் எந்த மொழியில் பதில் சொல்வான்?

தோட்டத் தொழிலாளர் வாழும் எங்கள் லயத்திலும் இதே கணக்குத்தான். நேற்றுச் செத்தவர் பேய். நாலு தலைமுறை போனால் சாமியாகிச் சேவல் கேட்பார்.

அப்புறம், தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தார்கள். அந்தக் காட்டுப் பாதையிலும் கமராக்காரர்களை நான் பார்த்ததில்லை. செத்தவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்.